பனிக்காட்டில் செல்லாத ரவுடித்தனம்

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டவற்றில் நான் பார்த்த ஆகச் சிறந்த ஒரு மணி நேரம் 'பைன் பேரன்ஸ்'. 'தி சொப்ரானோஸ்' தொடரின் மூன்றாம் சீசன், பதினோராவது எபிசோடு. எச்.பி.ஓ.வில் 2001 மே 6 அன்று ஒளிபரப்பானது. 1999-இல் தொடங்கி 2007 வரை 86 எபிசோடுகள் ஓடிய தொடர் அது. அத்தனையிலும் இந்த ஒன்றைத் தனியாக எடுத்துத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறேன். கதையை முழுக்கச் சொல்லப்போகிறேன். தெரிந்துவிட்டால் ருசி போய்விடும் வகைக் கதை இல்லை, தைரியமாகப் படிக்கலாம்.

நியூ ஜெர்சியில் ஓர் இத்தாலிய வம்சாவளி மாஃபியா குடும்பம். தலைவர் டோனி சொப்ரானோ. வழக்கமாக வசூலுக்குப் போகும் சில்வியோவுக்குக் காய்ச்சல். அதனால் பாலி என்ற பழைய கை, கிறிஸ்டோபர் என்ற இளம் கை, இருவரையும் அனுப்புகிறார்கள். போன் வரும்போது பாலி நகம் சீவி மெருகேற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தலைமுடி ஒன்றுகூடக் கலையாத மனிதர். போன இடத்தில் வலேரி என்ற ரஷ்யன். கொடுக்க வேண்டிய பணத்தை அவன் கொடுத்துவிடுகிறான். வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே? பாலிக்கு மனசு ஆறவில்லை. அவனுடைய ரிமோட்டை எடுத்து வேண்டுமென்றே வம்பு செய்கிறார். அடிதடி. கழுத்தை நெரித்ததில் ரஷ்யன் மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கிறான். கம்பளத்தில் சுருட்டி டிக்கியில் போட்டு, மாநிலத்தின் தெற்கே பைன் மரக் காட்டில் புதைக்கக் கொண்டுபோகிறார்கள். ஒரு ரிமோட்டுக்காக! எங்கள் பக்கத்துச் சண்டைகளும் வேலி ஓரத்து முருங்கைக் கிளைக்காகத்தானே ஆரம்பிக்கின்றன.

டிக்கியைத் திறந்தால் அவன் உயிரோடு இருக்கிறான். அவன் குழியை அவனையே தோண்டவைக்கிறார்கள். தோண்டிய மண்வெட்டியாலேயே அடித்துவிட்டு, உறைபனியில் ஓடுகிறான். இவர்கள் சுடுகிறார்கள். தலையில் பட்டதுபோலத்தான் இருக்கிறது. ஆனால் ஆளைக் காணோம். தேடப் போனவர்களுக்கு, எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதே தெரியாமல் போகிறது. இங்கேதான் இந்த எபிசோடு சிகரம் ஏறுகிறது.

நான் இதைப் பார்த்தது ஏற்காட்டில், அக்கா வீட்டில், ஒரு டிசம்பர் ராத்திரி. ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரமும் தெரியவில்லை, அதில் ஏறியிருந்த மிளகுக் கொடியும் தெரியவில்லை. எல்லாம் வெள்ளை. மாமா காபித் தோட்டத்திலேயே வளர்ந்தவர். கம்பளியைப் போர்த்திக்கொண்டு என்னோடு உட்கார்ந்து பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு அரைகுறை. ஆனால் அந்த இரண்டு பேரும் காட்டுக்குள் அங்குமிங்கும் நடக்க ஆரம்பித்ததும் நிமிர்ந்துவிட்டார். "யோவ், நில்லுய்யா! ஏன்யா நடக்கறே?" என்று டிவியைப் பார்த்துக் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "தடம் தப்புச்சுன்னா நடக்கக் கூடாது மாப்ள. நின்ன எடத்துலயே நிக்கணும்" என்றார்.

மறுநாள் சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சேர்வராயன் மலையின் உச்சி அது, 5,326 அடி. போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: உச்சி என்றதும் கூரான பாறையை நினைக்காதீர்கள். மேலே ஏறினால் மைதானம் மாதிரி விரிந்த புல்வெளி. கோயில் ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். இருட்டுக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். அந்தக் குகை வழி காவிரி வரைக்கும் போகிறது என்பது மலைமக்கள் நம்பிக்கை. மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு மலைக் கிராமங்கள் எல்லாம் அங்கே திரண்டுவிடும். நாங்கள் போன அன்று கூட்டமில்லை. வெளியே வந்து புல்வெளியில் கொஞ்ச தூரம் நடந்திருப்போம், பனி ஏறியது. கோயில் மறைந்தது. மாமா மறைந்தார். அவர் குரல் மட்டும் கேட்கிறது, எந்தத் திசையிலிருந்து என்று பிடிபடவில்லை. நான் அசையாமல் நின்றேன். அப்போது எனக்குப் பாலியும் கிறிஸ்டோபரும் முழுசாகப் புரிந்தார்கள். அவர்கள் நிற்கத் தெரியாதவர்கள். ஊரில் அவர்கள் நடந்தால் எதிரில் வருகிறவன் ஒதுங்குவான், கடைக்காரன் காசு வாங்க மாட்டான். நடப்பதே அவர்கள் அதிகாரம். காட்டுக்கு அந்த அதிகாரம் தெரியாது.

நம்முடைய தாதா கதைகளில் இந்த இடம் வருவதே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1987-இல் வந்த 'நாயகன்' எனக்கு உயிர். 2018-இல் வந்த 'செக்கச் சிவந்த வான'த்தை இரண்டு தடவை தியேட்டரில் பார்த்தேன். அவற்றில் தாதா விழுந்தால் சுடப்பட்டு விழுவார், துரோகத்தால் விழுவார். விழும்போதும் ஒரு கம்பீரம் இருக்கும். இங்கே பாலிக்கு ஒரு ஷூ கழன்று பனியில் தொலைந்துபோகிறது. அவ்வளவுதான். நகத்துக்கு மெருகு போட்ட மனிதர், கைவிடப்பட்ட ஒரு வேனுக்குள் ஒண்டிக்கொண்டு, பசியில் உறைந்துபோன கெச்சப் பாக்கெட்டைப் பிதுக்கிச் சப்புகிறார். அந்தத் தலைமுடி எட்டுத் திசையிலும் நிற்கிறது. பாலியாக நடித்த டோனி சிரிக்கோ, படப்பிடிப்பில் தன் முடியைத் தானே வாரிக்கொள்பவர், பிறர் கைபட விடாதவர். இந்த எபிசோடுக்காக அதைக் கலைக்கச் சம்மதித்தார் என்று படித்தபோது எனக்கு அவர்மேல் பாசமே வந்துவிட்டது. 2022 ஜூலையில் அவர் காலமான அன்று நான் மறுபடி போட்டுப் பார்த்தது இதைத்தான்.

நகைச்சுவை! அதைச் சொல்லாமல் எப்படி? போன் சிக்னல் அறுந்து அறுந்து வருகிறது. டோனி பதறிப்போய்ச் சொல்கிறார்: அந்த ரஷ்யன் உள்துறை அமைச்சகத்துக் கமாண்டோ, தனியாளாகப் பதினாறு செச்சென் போராளிகளைக் கொன்றவன். பாலியின் காதில் விழுவது வேறு. உள் அலங்காரம் செய்கிறவனாம், பதினாறு செக்கோஸ்லோவாக்கியர்களைக் கொன்றானாம் என்று கிறிஸ்டோபரிடம் ஒப்பிக்கிறார். கிறிஸ்டோபருக்கு வரும் ஒரே சந்தேகம், அப்படியென்றால் அவன் வீடு ஏன் அவ்வளவு கேவலமாக இருந்தது என்பதுதான். நான் சிரித்த சிரிப்பில் அக்கா எழுந்து வந்துவிட்டாள். அதே வேனில், அதே ராத்திரி, இருவரும் ஒருவரையொருவர் கொன்றுவிடுவார்களோ என்று நம்மை நடுங்கவைக்கவும் செய்கிறார்கள். சிரிப்புக்கும் பயத்துக்கும் நடுவே ஒரு நூல்கூட இடைவெளி விடாத எழுத்து அது. திரைக்கதை டெரன்ஸ் வின்டர். கதையில் அவரோடு டிம் வான் பேட்டன். இயக்கியவர் நடிகர் ஸ்டீவ் புஷெமி. இந்தத் தொடரில் அவர் இயக்கிய முதல் எபிசோடு இது என்றால் நம்ப முடிகிறதா?

அந்தப் பனியும் திட்டமிட்டதல்ல. முதலில் படப்பிடிப்புக்குக் கேட்ட நியூ ஜெர்சிக் காட்டில், இத்தாலிய அமெரிக்கர்களை இழிவாகக் காட்டும் தொடர் என்று சொல்லி மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்துவிட்டது. நியூயார்க் பக்கம் ஹாரிமன் வனப்பூங்காவுக்குப் போனார்கள். அங்கே பனி கொட்டிவிட்டது. எழுதிய கதையில் இல்லாத பனியை அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அந்த வெள்ளை இல்லாமல் இந்தக் கதையை இப்போது கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. இயற்கை வந்து கைகொடுத்தது என்பார்களே, அது இதுதான்.

டோனியின் மகள் மெடோ, தன் காதலன் வேறொரு பெண்ணோடு சுற்றுவதைக் கண்டுபிடிப்பது, டோனியின் காதலி குளோரியா சமைத்த இறைச்சித் துண்டத்தை அவர் தலைமேலேயே வீசுவது, இதெல்லாமும் இந்த ஒரு மணி நேரத்துக்குள் இருக்கிறது. அருமைதான். ஆனாலும் என் மனசு காட்டைவிட்டு வர மாட்டேன் என்கிறது.

காரணம் அந்த ரஷ்யன். அவனுக்கு என்ன ஆயிற்று? விடிந்தபின் டோனியும், வேட்டைக்காரர் கோலத்தில் கூட வந்த பாபியும் இவர்களைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். நிறுத்திய கார் காணாமல் போயிருக்கிறது. ரஷ்யனைத் தேடுவதா, விடுவதா? முடிவைப் பாலியிடமே விடுகிறார் டோனி, அவன் திரும்பி வந்தால் பொறுப்பு உன்னுடையது என்று. பாலி வீட்டுக்குப் போகலாம் என்கிறார். போகிறார்கள். அவ்வளவுதான். இதற்குப்பின் தொடர் முடியும்வரை அவன் வரவே இல்லை. ரசிகர்கள் வருடக்கணக்காகக் கேட்டார்கள். தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் கடைசிவரை அவனைத் திரும்பக் கொண்டுவரவில்லை. வாராவாரம் 'தொடரும்' போட்டு, கடைசி அத்தியாயத்தில் எல்லா முடிச்சையும் அவிழ்த்துக் கையில் கொடுக்கும் தொடர்கதைகளில் ஊறி வளர்ந்தவன் நான். இந்த ஒரு முடிச்சை அவிழ்க்காமல் விட்ட துணிச்சலுக்கு எழுந்து நின்று கைதட்டுகிறேன். மாமாவுக்குச் சந்தேகமே இல்லை. "செத்திருக்க மாட்டான். அவனுக்குக் காடு பழக்கம். நடக்கறதப் பாத்தாலே தெரியும்" என்கிறார். அவர் சொன்னால் நான் நம்புகிறேன்.

கடைசியாக, காரில் டோனியின் முகத்தையும் ஜன்னலுக்கு வெளியே ஓடும் மரங்களையும் பாருங்கள். சிசிலியா பார்ட்டோலியின் குரலில் ஓர் இத்தாலியப் பாட்டு எழும். அணைத்துவிடாதீர்கள், பெயர்கள் முழுக்க ஓடட்டும். இதை மட்டும் தனியாகப் பார்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: தாராளமாக. ஆனால் முதல் சீசனிலிருந்து வந்து பாருங்கள், பாலியின் அந்தத் தலைமுடி கலைவதற்கு என்ன மதிப்பு என்று அப்போதுதான் தெரியும். செல்போனில் வேண்டாம், வீட்டில் இருக்கும் பெரிய திரையில் போடுங்கள். கூட ஒருவரை உட்கார்த்திக்கொள்ளுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், எந்த ஊராக இருந்தாலும் பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.