கான்ஸஸில் விதைத்தது

ஒரு திரைப்படத்தைக் கண்ணாரக் கண்டு காதாரக் கேட்டு அனுபவித்த பிறகு, அதன் திரைக்கதையை ஏட்டில் வாசிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. வர்ணமும் சங்கீதமும் நடிகரின் முகபாவமும் நீங்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் வசனமும் காட்சிக் குறிப்பும்தானே என்பது அவர்கள் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தை மாற்றவல்ல கிரந்தம் ஒன்று உண்டானால், அது 1939-ல் ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனம் வெளியிட்ட 'தி விஸார்ட் ஆஃப் ஆஸ்' என்னும் மாயாஜாலப் படத்தின் திரைக்கதைதான். படத்தின் பொன்விழா ஆண்டான 1989-ல் அது நூல் வடிவம் பெற்றது.

எல். ஃபிராங்க் பாம் 1900-ல் எழுதிய குழந்தை நாவலை ஆதாரமாகக் கொண்ட இதற்கு, திரையில் பெயர் பெற்ற கர்த்தாக்கள் நோயல் லாங்லி, ஃபிளாரன்ஸ் ரயர்ஸன், எட்கர் ஆலன் உல்ஃப் ஆகிய மூவர். பெயர் பெறாமல் கைகொடுத்தவர்கள் இன்னும் பலர். இத்தனை பேர் ஆளுக்கொரு வடத்தைப் பிடித்து இழுத்தும் தேர் குடைசாயாமல் நிலைக்கு வந்து சேர்ந்தது ஆச்சரியமே.

படம் பார்க்கும்போது, சூறாவளி எப்போது வந்து சிறுமி டாரதியின் வீட்டைத் தூக்கிச் செல்லும், கான்ஸஸ் பண்ணையின் பழுப்பு மறைந்து ஆஸ் உலகத்தின் பஞ்சவர்ணம் எப்போது விரியும் என்ற ஆவலில் தொடக்கக் காட்சிகளை நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். நிதானமாக ஏட்டைப் புரட்டுகிறவனுக்கோ, பின்னால் விளையப்போகிற அத்தனையும் அந்தச் சில பக்கங்களில் விதைக்கப்பட்டிருப்பது புலனாகிறது. மிஸ் கல்ச் என்னும் கல்நெஞ்சக்காரி தன் நாய் டோட்டோவைப் பறித்துக்கொள்வாளோ என்று கலங்கும் டாரதியிடம், பண்ணையாள் ஹங்க், உன் தலை வைக்கோலால் ஆனதல்லவே, மூளையை உபயோகிக்கக் கூடாதா என்ற பொருள்படக் கேட்கிறான். தைரியத்தை உபதேசித்த மற்றொரு பண்ணையாள் ஸீக், பன்றிப்பட்டியில் விழுந்த அவளைத் தூக்கிய மறுகணமே வெலவெலத்துப் போகிறான். மூன்றாமவன் ஹிக்கரியோ, இந்த ஊரில் தனக்கு ஒருநாள் சிலை வைப்பார்கள் என்று பெருமையடித்துக்கொள்கிறான். மூளைக்கு ஏங்கும் வைக்கோல் பொம்மையாகவும், துணிவற்ற சிங்கமாகவும், துருவேறிச் சிலைபோல் நின்றுவிட்ட தகர மனிதனாகவும் ஆஸில் அவளை எதிர்கொள்பவர்கள் இவர்களே. அதே நடிகர்கள்தாம் என்பது பார்த்தவர்கள் அனைவரும் அறிந்தது. ஒற்றுமை முகத்தோடு நில்லாமல் சொல்லிலும் ஊடுருவியிருப்பதை வாசகனே சாவகாசமாகக் கண்டுகொள்கிறான். மூலநாவலில் இந்தப் பண்ணையாட்களும் இல்லை, மிஸ் கல்ச்சும் இல்லை என்பதை நினைத்தால் இந்த யுக்தியின் மதிப்பு இன்னும் உயர்கிறது.

மற்றொரு நயம்: வீட்டை விட்டு ஓடிவந்த டாரதியின் கூடையிலிருந்த புகைப்படத்தை அவள் கண்மூடியிருக்கையில் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு, ஸ்படிகக் கோளத்தில் தெரிவதாகப் பாசாங்கு செய்து, அத்தை அழுகிறாள் என்று சொல்லி அவளை வீட்டுக்குத் திருப்பியனுப்பும் கான்ஸஸ் குறிசொல்லி புரொஃபஸர் மார்வல், பொய்யால் நன்மை செய்கிறவர். திரைக்குப் பின்னிருந்து அகப்பட்டுக்கொண்ட ஆஸ் மந்திரவாதி, பட்டமும் பதக்கமும் இருதய வடிவக் கடிகாரமும் வழங்கி மூவரையும் தேற்றும்போது நாம் காண்பதும் அதே சுபாவம்தான்.

குறை இல்லாமல் இல்லை. வீடு திரும்பும் சக்தி டாரதி அணிந்திருக்கும் மாணிக்கச் செருப்பில் இருப்பதை நல்ல சூனியக்காரி கிளிண்டா தொடக்கத்திலேயே ஏன் சொல்லவில்லை? நாவலில் முதலில் வரும் வடதிசை நல்ல சூனியக்காரிக்கு அந்த ரகசியம் தெரியாது. இறுதியில் சொல்பவள் தென்திசைக் கிளிண்டா. இருவரையும் ஒருத்தியாக்கியதால் விழுந்த ஓட்டை இது. ஆனால், வைக்கோல் பொம்மையையே அந்தக் கேள்வியைக் கேட்க வைத்து, முன்பே சொல்லியிருந்தால் இவள் நம்பியிருக்கமாட்டாள் என்று கிளிண்டாவைப் பதிலளிக்கச் செய்து, ஓட்டையையே கதையின் தாத்பரியமாக்கிவிட்ட சாமர்த்தியத்தை என்னவென்பது!

நாவலில் மெய்யான தேசமாக இருந்த ஆஸ், படத்தில் தலையில் அடிபட்ட சிறுமியின் கனவாகக் குறுகிவிட்டதே என்று பாமின் அன்பர்கள் வருந்துவது நியாயமே. எனினும், விழிப்பில் கேட்ட சொற்கள் கனவில் உருக்கொண்டு எழும் இந்த அற்புத அமைப்புக்குக் கொடுத்த விலை அது. என் மதிப்பில் அதிக விலை அன்று. படத்தைப் பார்த்தவர்கள் திரைக்கதையையும் வாசிக்கட்டும். சூறாவளிக்கு முந்திய பக்கங்களை மட்டும் இருமுறை வாசிக்கட்டும்.