கரப்பான் கண்ட சிறுவருக்கான வாழ்க்கைத்தர வினாநிரல்: மொழிபெயர்ப்பும் பண்பாட்டுத் தழுவலும்

முன்னுரை

தமிழில் கரப்பான் எனப் பொதுவாக வழங்கப்பெறும் தோலழற்சி, சிறுவரின் உறக்கத்தையும் விளையாட்டையும் தோழமையையும் குலைக்கிறது. தோலைப் பார்த்து மருத்துவர் இடும் மதிப்பெண்ணில் இவ்விழப்பு முழுமையாகத் தெரியாது. அதனை அளக்க லூயிஸ்-ஜோன்ஸ், ஃபின்லே ஆகியோர் 1995இல் பிரிட்டனில் உருவாக்கி வெளியிட்டதே சிறுவர் தோல்நோய் வாழ்க்கைத்தரக் குறியீடு. 4 முதல் 16 வயது வரையிலானோருக்குரிய இக்கருவி, கடந்த ஒரு வாரத்தைப் பற்றிய 10 வினாக்களைக் கொண்டது. வினா ஒன்றுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். உச்ச மதிப்பெண் 30. இக்கருவியைத் தமிழ்ச் சூழலுக்குத் தழுவுகையில் எழும் சிக்கல்களை மொழிபெயர்ப்பியல் நோக்கில் ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

மீள்மொழிபெயர்ப்பின் எல்லை

பீட்டன் முதலானோர் 2000இல் வகுத்த நெறிமுறை முன்மொழிபெயர்ப்பு, ஒருங்கிணைப்பு, மீள்மொழிபெயர்ப்பு, வல்லுநர் குழுவின் ஆய்வு, 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை என்னும் படிகளை உடையது. இவற்றுள் மீள்மொழிபெயர்ப்பு சொல்லின் அகராதிப் பொருளைச் சரிபார்க்குமேயன்றி, வழக்கில் அச்சொல் தாங்கும் மதிப்பைச் சரிபார்க்காது. இரண்டாம் வினா நோயால் உண்டாகும் கூச்சத்தையும் மனவருத்தத்தையும் கேட்கிறது. இதனை ‘வெட்கம்’ எனப் பெயர்த்தால், மீள்மொழிபெயர்ப்பு மூலச்சொல்லையே எட்டக்கூடும், பிழை புலப்படாது. ஆயினும் விருந்தினர் முன் நாணி நிற்பதும் தமிழில் வெட்கமே. பெண் குழந்தைகளிடம் அது பாராட்டப்படும் பண்புமாகும். புண்பட்ட கையை மறைத்துக்கொள்ளும் குழந்தையின் குறுகலை அச்சொல் தனித்துக் காட்டுவதில்லை.

எட்டாம் வினா பிறர் பழிப்பெயரிட்டு அழைத்தல், கேலி, துன்புறுத்தல், துருவிக் கேட்டல், விலகிச் செல்லுதல் ஆகியவற்றை ஒருங்கே வினவுகிறது. தமிழ்ச் சிறுவரிடையே பட்டப்பெயர் நட்பின் அடையாளமாகவும் வழங்கும். ஆகவே தோலைச் சுட்டி வைத்த பெயரா என்பது வினாவிலேயே தெளிவுபட வேண்டும்.

பூச்சியத்தின் இரு பொருள்

நோயால் நீச்சலையோ பிற விளையாட்டையோ தவிர்க்க நேர்ந்ததா என்பது ஆறாம் வினா. நீந்த நீர்நிலையும் ஆடக் களமும் இல்லாத சிறுவன் ‘இல்லவே இல்லை’ என்பான். பூப்பெய்தியபின் வீட்டாரால் விளையாட்டிலிருந்து விலக்கப்பட்ட சிறுமியும் அதையே சொல்வாள். அவளைத் தடுத்தது தோல் அன்று. நோய் தடுக்காத வாழ்வும் வாய்ப்பே அமையாத வாழ்வும் ஒரே பூச்சியமாகப் பதிவாகின்றன. பெரியோருக்கான குறியீட்டில் ‘பொருந்தாது’ என்னும் விடை உண்டு. அதற்கும் மதிப்பெண் பூச்சியமே.

இது கணக்கியல் நுணுக்கம் மட்டுமன்று. 2 முதல் 6 வரை சிறு பாதிப்பு, 7 முதல் 12 வரை மிதமான பாதிப்பு என மதிப்பெண்கள் வகைப்படுத்தப்படுகின்றன. 6 பெறும் குழந்தைக்கு இவ்வாறு ஒரு மதிப்பெண் விடுபட்டிருப்பின், அதன் துன்பம் ஒரு படி தாழ்த்தி மதிப்பிடப்படும். வெயிலில் வியர்க்க ஆடுவது நமைச்சலைக் கூட்டும் என்பதால், ஓடியாடும் விளையாட்டுகளை எடுத்துக்காட்டாகத் தருவது வினாவின் நோக்கத்துக்கு நெருக்கமானது. ஆனால் எடுத்துக்காட்டை மாற்றுமளவுக்குப் பிறநாட்டு முடிவுகளோடு ஒப்பிடும் வாய்ப்பும் குறையும். இவ்விழப்பை ஆய்வாளர் வெளிப்படையாகப் பதிவுசெய்தல் வேண்டும்.

இரட்டை வழக்கு

தமிழின் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பெரிதும் வேறுபடுவன. எழுத்து வழக்கில் அச்சிட்ட வினாவை ஐந்து வயதுக் குழந்தைக்குத் தாய் படித்துக்காட்டும்போது, அவர் தம் வட்டாரப் பேச்சுக்கு அதை மீண்டும் பெயர்க்கிறார். அரிப்பு, நமைச்சல், ஊறல் ஆகியவற்றுள் எதைச் சொன்னார் என்பது எவ்வேட்டிலும் இடம்பெறாது. வல்லுநர் குழு ஏற்ற பனுவல் ஒன்று. குழந்தை விடையளித்த பனுவல் மற்றொன்று. முன்சோதனை இவ்விரண்டாம் பனுவலையும் ஒலிப்பதிவு செய்து ஆராய வேண்டும்.

முடிவுரை

சொல் நிகர்மையை நிறுவுவதோடு தழுவல் நிறைவுறாது. வெட்கம் போன்ற சொற்களின் பண்பாட்டுச் சுமையை ஆராய்தலும், பூச்சியத்தின் காரணத்தைத் தனியே கேட்டறிதலும், பேச்சு வழக்கில் வாசிப்புப் படி ஒன்றை உருவாக்குதலும் இன்றியமையாதன. மருத்துவத் துறையினரின் குழுவில் தமிழ் மொழியியலாளரும் குழந்தைகளும் இடம்பெறும்போதே இவை கைகூடும்.