அந்தப் பெயர் எங்கே போகிறது?

புரோகிராம் எழுதுகிறவர்களில் பலர் சீரியலைஸ் செய்வதை எடுபிடி வேலையாகத்தான் பார்ப்பார்கள். டேட்டாவை ஃபைலில் போட்டோமா, திரும்ப எடுத்தோமா, அவ்வளவுதான். நடுவில் இன்டர்ஃபேஸ் ஒன்று வந்துவிட்டால் மட்டும் ஆட்டம் சூடுபிடிக்கும். அதை வேடிக்கை பார்க்கத் தோதான மொழி கோ.

கோ மொழியில் இன்டர்ஃபேஸ் மதிப்பு என்பது மெமரியில் இரண்டு பாயின்டர்கள். உள்ளே இருப்பது என்ன டைப் என்று ஒன்று சொல்லும்; டேட்டா எங்கே இருக்கிறது என்று மற்றது காட்டும். டேட்டா எப்படியும் ஃபைலுக்குப் போய்விடும். டைப் என்ன ஆகிறது? கண் வைக்க வேண்டியது அதன்மேல்தான்.

ஷேப் என்று ஒரு இன்டர்ஃபேஸ், அதற்குப் பொருந்தும் சர்க்கிள், ஸ்கொயர் என்ற இரண்டு ஸ்ட்ரக்ட் எழுதுங்கள். இரண்டிலும் சைஸ் என்ற ஒரே ஃபீல்டு. டைப் ஃப்ளோட்64, மதிப்பு 7. ஜேசனாக மாற்றினால் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். எது வட்டம், எது சதுரம் என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஷேப்பில் திரும்ப வாங்கப் பார்த்தால் எரர். காலி இன்டர்ஃபேஸில் வாங்கினால் மேப் ஒன்று வரும்; மெத்தடெல்லாம் போயே போச்சு.

இப்போது அதே சர்க்கிளை, கோவோடு வரும் காப் பேக்கேஜில் போடுங்கள். ரெஜிஸ்டர் என்ற ஃபங்ஷனிடம் டைப்பை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எழுதிய ஃபைலை ஹெக்ஸ்டம்பில் திறந்தால், புரியாத பைட்டுகளுக்கு நடுவே ‘மெயின்.சர்க்கிள்’ என்ற பெயர் ஆங்கில எழுத்தில் பளிச்சென்று தெரியும். பெயருக்கு 11 பைட். 7 என்ற மதிப்புக்கு மூன்றே பைட்! ஃப்ளோட்டின் பைட்டுகளைத் தலைகீழாகத் திருப்பி, முன்னால் வந்து நிற்கும் பூஜ்யங்களை உதறிவிடுகிறது காப். சுமைகூலி சுண்டைக்காய் கணக்குதான், ஆனால் அந்தப் பெயர் இல்லாவிட்டால் சுண்டைக்காயை யாரிடம் கொடுப்பது?

இன்னொரு நுணுக்கம். என்கோட் செய்யும்போது இன்டர்ஃபேஸின் பாயின்டரைக் கொடுக்க வேண்டும். ஆம்பர்சண்ட் குறியை விட்டுவிட்டால், ஷேப் என்ற போர்வை கழன்று உள்ளே இருக்கும் சர்க்கிள் மட்டும் போகும். எழுதும்போது புகார் எதுவும் வராது, படிக்கும்போதுதான் வரும். எனக்கு இது அழகாகப் படவில்லை.

பேக்கேஜின் பாதையும் பெயரில் சேர்ந்துகொள்வதால், டைப்பை வேறு பேக்கேஜுக்கு மாற்றினால் பழைய ஃபைல்களைப் படிக்க முடியாது. இதற்காகவே ரெஜிஸ்டர்நேம் இருக்கிறது. பெயரை நாமே வைத்துக்கொள்ளலாம்.

ரெஜிஸ்டர் செய்வதைத் தொல்லை என்று முணுமுணுப்பவர்கள் ஜாவாவைப் பார்க்கட்டும். அங்கே வரும் பைட்டில் எந்த கிளாஸின் பெயர் இருக்கிறதோ, அது சீரியலைஸபிளாகவும் புரோகிராமுக்கு எட்டும் இடத்திலும் இருந்தால், தனியாகத் தடுக்காதவரை அதன் ஆப்ஜெக்ட் உருவாகிவிடும். அப்பாச்சி காமன்ஸ் கலெக்ஷன்ஸில் இருந்த கிளாஸ்களை இப்படிக் கோத்து, தாக்குபவர் விரும்பிய கட்டளையை ஓட்ட முடியும் என்று 2015-இல் காட்டினார்கள். காப், தன் பட்டியலில் இல்லாத பெயரை எரர் சொல்லித் திருப்பி அனுப்பிவிடும்.

ஜேசனைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் ‘கைண்ட்’ மாதிரி ஒரு ஃபீல்டை நாமே சேர்ப்பது வழக்கம். மீதியை ராமெசேஜாக அப்படியே வைத்திருந்து, கைண்டைப் படித்த பிறகு ஸ்விட்சில் பிரிப்பார்கள். அடுத்தவர் எழுதிய அப்படியொரு ஸ்விட்ச் கண்ணில் பட்டால் நேரே டிஃபால்ட் கேஸுக்குப் போங்கள். தெரியாத பெயர் வந்தால் எரர் தருகிறதா, சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறதா என்று பாருங்கள்.