அட்ரோபின் ஊசியின் பக்கவிளைவுப் பட்டியல்: ஒரு விமர்சனம்

வழக்கமாக இங்கே புத்தகங்களைப் பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை ஒரு துண்டுத்தாள். அட்ரோபின் ஊசி மருந்துப் பெட்டிக்குள் பொடி எழுத்தில் அச்சடித்து நாலாக மடித்து வைத்திருப்பார்களே, அது. அதையே அரைகுறையாகத் தமிழாக்கி "பக்கவிளைவுகளும் முன்னெச்சரிக்கைகளும்" என்று இணையத்தில் போட்டு வைத்திருக்கும் பக்கங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் புகார் இதுதான். அந்தப் பட்டியலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் யாருக்கு, எதற்காக ஊசி போடுகிறோம் என்பதை அது சொல்வதில்லை. அதனால் பயப்படக் கூடாத இடத்தில் பயமுறுத்துகிறது, பயப்பட வேண்டிய இடத்தில் பேசாமல் இருக்கிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் அனுபவித்தேன்.

எங்களுக்கு ஜேடர்பாளையம். படுகை அணையிலிருந்து பிரியும் ராஜ வாய்க்கால் தண்ணீரில் வாழை, கரும்பு, வெற்றிலைக் கொடிக்கால் என்று எப்போதும் ஏதாவது பயிர் இருக்கும் ஊர். அதனால் எப்போதும் யாராவது மருந்து அடித்துக்கொண்டும் இருப்பார்கள். நம்ம ஊரில் பூச்சிக்கொல்லிக்கும் மருந்து என்றுதானே பேர்.

பெரியப்பா வாழைக்கு மருந்து அடித்த அன்று முதுகில் இருந்த டேங்க் கசிந்து சட்டை பூராவும் நனைந்திருக்கிறது. வேலை முடியட்டும் என்று அதே சட்டையோடு மத்தியானம் வரைக்கும் நின்றிருக்கிறார். சாயங்காலம் வாந்தி, உடம்பெல்லாம் வியர்வை, வாயில் எச்சில் வழிகிறது, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிட்டது. மூச்சு விட்டால் கொரகொர என்று சத்தம். ஆர்கனோபாஸ்பரஸ் விஷம். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் சிஸ்டர் அட்ரோபின் போட ஆரம்பித்தார். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துப் பார்த்துப் போட்டார். காலி ஆம்பூல்கள் டிரேயில் குவிந்துகொண்டே போயின.

நான் என்ன செய்தேன் என்றால், கட்டில் பக்கத்தில் நின்று போனில் "அட்ரோபின் பக்கவிளைவுகள்" என்று தேடினேன். வாய் வறட்சி, கண்மணி விரிதல், இதயம் வேகமாகத் துடித்தல், சிறுநீர் அடைப்பு, குழப்பம். அதற்குக் கீழே ஒரு அட்டவணை. அரை மி.கி. போட்டால் லேசாக வாய் காயும், 2 மி.கி.யில் படபடப்பு, 5 மி.கி.யில் அமைதியின்மையும் விழுங்கக் கஷ்டமும், 10 மி.கி.க்கு மேலே பிதற்றல், கோமா.

ஒரு ஆம்பூல் 0.6 மி.கி. டிரேயில் இருப்பதை எண்ணிப் பார்த்தேன். பத்தைத் தாண்டியாயிற்று.

"சிஸ்டர், ஹார்ட் 120 போகுதுங்க. இதுக்கு மேல போட்டா கோமாவுக்குப் போயிருவாருன்னு போட்டிருக்குதுங்க" என்றேன். பெரியம்மா அதைக் கேட்டு, வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம் என்று அழ ஆரம்பித்துவிட்டார். டியூட்டி டாக்டர் திட்டவில்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி என் காதில் மாட்டி, மறுமுனையைப் பெரியப்பா நெஞ்சில் வைத்தார். சேற்றில் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி இருந்தது. "இந்தச் சத்தம் நிக்கிற வரைக்கும் போடணுங்க. நீங்க போன்ல படிக்கிறது நல்லா இருக்கிற ஆளுக்கு" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் துண்டுத்தாளில் எங்கேயும் இல்லை. பிறகு படிக்கப் படிக்கத்தான் அது எவ்வளவு பெரிய விடுபடல் என்று தெரிந்தது.

நம் நரம்புகள் சுரப்பிகளோடும் இதயத்தோடும் குடலோடும் பேசுவது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வழியாக. வேலை முடிந்ததும் அதை உடைத்துப் போட ஒரு நொதி உண்டு. ஆர்கனோபாஸ்பரஸ் அந்த நொதியை முடக்கிவிடும். அசிட்டைல்கோலின் தேங்கி நிற்க, எச்சில், வியர்வை, நுரையீரல் சளி எல்லாம் கொட்டும், மூச்சுக்குழாய் இறுகும், இதயத் துடிப்பு குறையும். ஆள் தன் சொந்தச் சளியிலேயே மூழ்குகிறார். அட்ரோபின் விஷத்தை முறிப்பதில்லை. அசிட்டைல்கோலின் போய் உட்காரும் இடத்துக்கு அதோடு போட்டி போட்டு, இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். எதிராளி கூட்டமாக இருந்தால் இந்தப் பக்கமும் கூட்டம் வேண்டும். அதனால்தான் நல்ல உடம்புக்குப் போட்ட அட்டவணை இங்கே செல்லாது. வாய் காய்வதும் துடிப்பு கூடுவதும் மற்ற நோயாளிக்குப் பக்கவிளைவு. இவருக்கு அதுதான் சிகிச்சை. துடிப்பு வேகமாக இருக்கிறது என்பது மட்டுமே அட்ரோபினை நிறுத்தக் காரணம் ஆகாது.

இது வெறும் பாமரன் தடுமாற்றம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த விஷத்தைப் பற்றி இன்று தெரிந்ததில் நிறைய விஷயம் இலங்கை மருத்துவமனைகளிலிருந்து வந்தது. அங்கே பல வருஷம் வேலை செய்த மைக்கேல் எடில்ஸ்டனும் சக ஆய்வாளர்களும் 2004-ல் ஒரு காரியம் செய்தார்கள். பாடநூல்களிலும் கட்டுரைகளிலும் இருந்த முப்பதுக்கும் மேற்பட்ட அட்ரோபின் அளவுமுறைகளைத் திரட்டி ஒப்பிட்டார்கள். அவர்கள் கணக்கில் ஒரு சராசரி நோயாளிக்குத் தேவைப்பட்டது 23.4 மி.கி. அதை ஏற்றி முடிக்க, ஒரு புத்தகத்தின்படி 8 நிமிஷம் போதும். இன்னொன்றின்படி 1380 நிமிஷம், அதாவது 23 மணி நேரம். மூச்சு முட்டுகிற மனிதனுக்கு 23 மணி நேரம்! பாடநூல் எழுதியவர்களுக்கும் என்னைப் போலவே கை நடுங்கியிருக்கிறது.

அவர்கள் முன்வைத்த முறை எளிமையானது. 1.8 முதல் 3 மி.கி.யில் ஆரம்பித்து, அஞ்சு நிமிஷத்தில் பார்க்க வேண்டும், போதவில்லை என்றால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதற்கு மி.கி. கணக்கு இல்லை. நெஞ்சில் சளிச் சத்தம் நிற்க வேண்டும், துடிப்பு 80-க்கு மேல், மேல் ரத்த அழுத்தம் 80-க்கு மேல், அக்குள் காய்ந்திருக்க வேண்டும், கண்மணி சுருங்கியே இருக்கக் கூடாது. பிறகு அதுவரை போட்ட மொத்தத்தில் 10 முதல் 20 சதவீதத்தை ஒரு மணி நேரத்துக்கு என்ற கணக்கில் டிரிப்பாக விடுவது. (டாக்டர்களுக்கான முறை இது. படித்துவிட்டு யாரும் அளவு சொல்லக் கிளம்ப வேண்டாம். நான் கிளம்பிய கதைதான் மேலே இருக்கிறது.)

பங்களாதேஷின் சிட்டகாங்கில் பழைய முறையையும் இந்த இரட்டிப்பு முறையையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2012-ல் வெளியானது. நோயாளிகள் 150-க்குச் சற்று மேல். பழைய முறையில் இறப்பு 22.5 சதவீதம், புது முறையில் 8. நிலைப்படுத்த ஆன நேரம் சுமார் 152 நிமிஷத்திலிருந்து 24 நிமிஷமாகக் குறைந்தது. என்னை உட்கார வைத்த எண் வேறு ஒன்று. அட்ரோபின் நச்சு, அதாவது அந்தத் துண்டுத்தாள் பயமுறுத்துகிற அதே விஷயம், பழைய முறையில் 28.4 சதவீதம், புது முறையில் 12. வேகமாகப் போட்டவர்களுக்குத்தான் பக்கவிளைவு குறைவு. பயந்து பயந்து, ஆனால் பார்க்காமல் போட்டவர்களுக்கு அதிகம். ஒரே மருத்துவமனை, யாருக்கு எந்த முறை என்று எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு என்ற குறை அதற்கு உண்டு. ஆனாலும் அது காட்டும் திசை தெளிவானது. பாதுகாப்பு என்பது குறைவாகப் போடுவதில் இல்லை, பக்கத்தில் நின்று பார்ப்பதில் இருக்கிறது.

இந்த முறைக்கும் ஒரு விமர்சனம் உண்டு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை பார்க்க ஆள் இருக்கிறது என்று அது நம்புகிறது. ஒரு வார்டுக்கு ராத்திரி ஒரு சிஸ்டர் என்றால் அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும்? முதல் நாள் ராத்திரி எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. மூன்றாம் நாள் இல்லை.

மூன்றாம் நாள் நல்ல வெயில். டிரிப் ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா உடம்பு அடுப்பு மாதிரி சுட்டது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. கண்மணி பெரிசாகிவிட்டது, முகம் சிவந்துவிட்டது. இல்லாத நூலைக் காற்றில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். வயிறு உப்பிப் போய் ஒன்றுக்கும் போகவில்லை. நாங்கள் என்ன நினைத்தோம்? மருந்து நல்லாப் பிடித்திருக்கிறது என்று! முதல் நாள் பாடம் அப்படி. எழுந்து ஓடப் பார்த்தார் என்று கையைக் கட்டிவிட்டார்கள்.

பார்க்க வந்திருந்த எங்கள் ஊர் ஆயா ஒருவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன இவன், ஊமத்தங்காய் தின்னவனாட்டம் பண்றான்?"

வார்டில் இருந்த எல்லோரையும்விடச் சரியாகச் சொன்னது அவர்தான். ஊமத்தையில் இருப்பது அட்ரோபினும் அதன் பங்காளி ஹயோசினும்தான். வாய்க்கால் மேட்டில் வளர்கிற செடி. தின்றவன் எப்படி இருப்பான் என்று அவர் பார்த்திருக்கிறார். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். குடல் சத்தமே இல்லை. உடனே டிரிப்பை நிறுத்தினார்கள், ஈரத்துணி போட்டு ஃபேனைத் திருப்பினார்கள், சிறுநீர்க் குழாய் வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்தார்கள்.

குழப்பம், காய்ச்சல், குடல் சத்தம் இல்லாமை. இந்த மூன்றும் சேர்ந்தால் அட்ரோபின் அளவு மீறிவிட்டது என்று பொருள். துண்டுத்தாளில் இவையும் இருக்கின்றன. ஆனால் வாய் வறட்சிக்குப் பக்கத்தில், அதே எழுத்து அளவில், ஒரு காற்புள்ளிக்கு அந்தப் பக்கம். எதைப் பார்த்தால் சந்தோஷப்படலாம், எதைப் பார்த்தால் ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும் என்று பிரிக்காத பட்டியலுக்கு என்ன பயன்? வியர்வை நின்றால் உடம்பு சூட்டை வெளியே தள்ள முடியாது. நம்ம ஊர் சித்திரை வெயிலில், கையைக் கட்டிப் போட்டு, அவர் முண்டிக்கொண்டே இருந்தால் அந்தச் சூடே ஆளை முடித்துவிடலாம். 'வெப்பமான சூழலில் கவனம் தேவை' என்ற ஒற்றை வரி அதைச் சொல்லிவிடுமா?

பட்டியலில் இல்லவே இல்லாத ஒன்றும் உண்டு. அட்ரோபின் தசைகளுக்கு எதுவும் செய்யாது. 1987-ல் இலங்கை மருத்துவர்கள் நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் பதிவு செய்த விஷயம் இது. ஆள் தேறிவிட்டார் என்று நினைக்கும்போது, ஒன்று முதல் நாலு நாளுக்குள், கழுத்தும் மூச்சுத் தசைகளும் தளர்ந்துபோகலாம். அப்போது காப்பாற்றுவது வென்டிலேட்டர்தான். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா என்று பார்ப்பது பக்கத்தில் இருப்பவர்கூடச் செய்யக்கூடிய சோதனை. அட்ரோபின் முன்னெச்சரிக்கை என்று நான் படித்த எந்தப் பக்கத்திலும் அது இல்லை.

சரி, பட்டியலே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. இதே குடும்பத்து ஊசிகளை வயிற்றுவலிக்கு கிளினிக்கில் சாதாரணமாகப் போடுகிறார்கள்: ஹயோசின் பியூட்டைல்புரோமைடு, டைசைக்ளோமின். அங்கே உயிர் போகிற அவசரம் இல்லை, கிடைக்கிற லாபம் சின்னது. அதனால் அங்கே பட்டியலின் ஒவ்வொரு சொல்லுக்கும் முழு எடை உண்டு. கண் அழுத்த நோயில் ஒரு வகை, புராஸ்டேட் வீக்கம், குடல் அடைப்பு, மயஸ்தீனியா, இதய நோய் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதய நோயாளிகளுக்கு ஹயோசின் பியூட்டைல்புரோமைடு ஊசி போடும்போது கவனம் வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் தனியாகவே எச்சரித்தது. டைசைக்ளோமின் ஊசியைத் தசையில்தான் போட வேண்டும், ரத்தக்குழாயில் கூடாது. ஆனால் "ஒரு ஊசி போட்டு விடுங்க, வலி தாங்கல" என்று போய் நிற்கும்போது நாம் யாராவது பட்டியல் படிக்கிறோமா? படிக்க வேண்டிய இடத்தில் படிப்பதில்லை, படிக்கக் கூடாத இடத்தில் சத்தம் போட்டுப் படிக்கிறோம்.

வீட்டுக்கு வந்தபிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பூச்சி மருந்துப் பெட்டியில் இருந்த தாளில் பல இந்திய மொழிகள், அதில் தமிழும் உண்டு. எதிர்மருந்து அட்ரோபின் என்றும் போட்டிருந்தது. அட்ரோபின் பெட்டியில் இருந்த தாளில் ஆங்கிலம் மட்டும். விஷம் தமிழில் பேசுகிறது, அதற்கான மருந்து பேசவில்லை.

டாக்டருக்கான தாள் அது, நமக்கில்லை என்று சொல்லலாம். ஆனால் நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளில் ராத்திரி முழுக்கக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது சொந்தக்காரர்கள். அவர்களுக்கு அரைப் பக்கம் போதும். வாய் காயும், கண்மணி விரியும், இதயம் வேகமாக ஓடும், பயப்படாதீர்கள், நிறுத்தச் சொல்லாதீர்கள். உடம்பு சுட்டு வியர்வை இல்லாமல் இருந்தால், பிதற்றினால், வயிறு உப்பினால், சிறுநீர் போகாவிட்டால், திரும்பவும் எச்சில் வழிந்து மூச்சு கொரகொரத்தால், தலையைத் தூக்க முடியாவிட்டால், அந்த நிமிஷமே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

பெரியப்பா பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தார். இப்போது மருந்து அடிப்பதற்கு முன்னால் டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றி, கசிகிறதா என்று தோளில் மாட்டிப் பார்க்கிறார். சட்டை நனைந்தால் உடனே கழற்றிவிட்டு சோப்பு போட்டுக் குளிக்கிறார். அந்த மூன்றாம் நாள் அவருக்கு ஞாபகம் இல்லை. பெரியம்மாவுக்கு இருக்கிறது. "நீ அன்னிக்குப் போனப் பாத்துப் படிச்சியே" என்று இன்னமும் சொல்லுவார்.

அரைப் பக்கத் தாளைப் பெரிய எழுத்தில் அடித்து அந்த டாக்டரிடம் திருத்தக் கொடுத்திருக்கிறேன்.