தார் விரிப்பின் கீழே கத்தும் கியர்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கும்வரை இலங்கையில் பழைய கார்களுக்கு வந்த கிராக்கி சொல்லி மாளாது. கொட்டிலில் கிடந்த மினிகளும் மொரிஸ் மைனர்களும் வீதிக்கு வந்தன. அது நல்லதுதான். கூடவே ஒரு பழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. பந்தயக் காருக்குரிய நேர்ப்பல் கியரை வீதியில் ஓடும் மினிக்குப் பூட்டுகிறார்கள். அது கத்தத் தொடங்கியதும் காருக்குள் தார் விரிப்பும் பஞ்சும் ஒட்டி, ஒயிலையும் தடிப்பாக்கி, சத்தத்தைக் குறைத்துவிட்டோம் என்கிறார்கள். பந்தய பலமும் கிடைத்தது, காதுக்கும் இதமாயிற்று என்று இதற்கு வக்காலத்து வாங்குவோரும் இருக்கிறார்கள். அந்த வக்காலத்து தவறு.

நேர்ப்பல்லின் சிறப்பை நான் மறுக்கவில்லை. வீதிக் கார்களில் வழக்கமாக இருக்கும் சாய்பல் சக்கரங்கள் சுழலும்போது ஒன்றையொன்று பக்கவாட்டில் தள்ளும். நேர்ப்பல் அப்படித் தள்ளாது. பெயரிங்குகளின் சுமை குறையும், உராய்வில் வீணாகும் பலத்தில் கொஞ்சம் மிஞ்சும். 1934 முதல் நுவரெலியாவில் நடந்துவரும் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தில் விநாடியின் பின்னத்துக்காக ஓடுபவருக்கு அந்தக் கொஞ்சமும் பெறுமதியானது. விரிப்புக்கும் பயன் உண்டு. தகட்டின் அதிர்வை அது தணிக்கும்.

ஆனால் வீதிக் காருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. 998 சிசி மினியின் பலம் 38 குதிரைவலு. நல்ல நிலையிலுள்ள ஒரு சோடிப் பற்சக்கரத்தில் உராய்வால் போவது நூற்றுக்கு ஒன்றிரண்டு. நேர்ப்பல் மீட்டுத் தருவது அதிலும் ஒரு பங்கைத்தான். ஒரு குதிரைவலுவாவது தேறுமா என்பதே ஐயம்.

அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. சாய்பல்லில் ஒரு பல் பிடியை விடுமுன்னே அடுத்தது ஓரத்திலிருந்து மெல்ல ஏறிக்கொள்ளும். நேர்ப்பல்லில் பல்லின் முழு அகலமும் ஒரே கணத்தில் மோதும். 30 பல்லுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 3000 தரம் சுழன்றால் விநாடிக்கு 1500 மோதல்கள். அதோடு சேர்ந்து எழும் அதன் இரட்டிப்பான 3000 அதிர்வு, மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லைக்குள் விழுகிறது. மொரிஸ் மைனரின் முதல் கியர் தொழிற்சாலையிலிருந்தே நேர்ப்பல்தான். நுவரெலியாவுக்குப் போகும் இறம்பொடை ஏற்றத்தில் அது போடும் ஊளை, இரண்டாம் கியருக்கு மாற்றியதும் ஓய்ந்துவிடும். மினி அப்படியல்ல. அதில் எஞ்சின் குறுக்கே கிடக்க, கியர்ப்பெட்டி அதன் அடியில் இருக்கிறது. பலத்தை மேலிருந்து கீழே இறக்கும் மூன்று சக்கரங்கள் எந்தக் கியரில் போனாலும் சுமை தாங்கும். அவற்றை நேர்ப்பல்லாக்கினால் ஊளைக்கு ஓய்வே இல்லை.

இந்த ஊளையைத்தான் விரிப்புப் போட்டு மூடுகிறார்கள். என் ஆட்சேபம் இங்கேதான். விரிப்பு பல்லைத் தொடுவதில்லை. மோதல் அப்படியே நடக்கிறது, தேய்மானம் அப்படியே தொடர்கிறது. ஓட்டுபவருக்கு அது கேட்காமல் போவது மட்டுமே நடந்த மாற்றம். ஒலியைத் தடுக்கும் தகட்டின் எடையை இரட்டித்தால்தான் சுமார் 6 டெசிபெல் குறையும். 600 கிலோ சொச்சக் காரில் கிலோ கிலோவாகத் தாரை ஒட்டியபின், மிச்சம் பிடித்த பலம் அந்த எடையை இழுக்கவே போய்விடும்.

அதைவிடப் பெரிய கேடு உண்டு. நுவரெலியாவிலிருந்து லபுக்கலை வழியாக இறம்பொடைக்கு இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பி யாரும் இறங்குவதில்லை. கியரைக் குறைத்து எஞ்சினைப் பிடித்துத்தான் இறங்குகிறோம். அப்போது சுமை பல்லின் மறுபக்கத்துக்கு மாறுகிறது. ஏற்றத்தில் ஒரு விதமாகக் கேட்ட ஒலி இறக்கத்தில் கரகரத்தால், பெயரிங் தளர்ந்திருக்கலாம், பல்லின் ஒரு முகம் தேய்ந்திருக்கலாம். பழகிய சாரதி அந்த மாற்றத்தைக் காதாலேயே பிடிப்பார். தேயிலைத் தொழிற்சாலையில் ரோலரின் சத்தம் மாறினால், அதை நிறுத்திக் கழற்றிப் பார்ப்பார்களே தவிர, சுற்றிச் சாக்குக் கட்டிவிட்டு வேலையைத் தொடர மாட்டார்கள்.

ஒயிலைத் தடிப்பாக்குவது இன்னும் மோசம். மினியில் எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் ஒரே ஒயில்தான். நுவரெலியாவின் 1868 மீட்டர் உயரத்தில், தை மாசி மாதங்களில் புல்லில் பனி உறையும் காலையில், தடித்த ஒயில் எஞ்சினின் உச்சிக்கு ஏறத் தாமதிக்கும். கியரின் வாயை அடைக்கப் போய் எஞ்சினைத் தேய்க்கிறோம்.

இந்தச் சத்தம் காருக்குள் மட்டும் கேட்பதுமல்ல. வீதியோரத்துத் தோட்ட லயன் வீடுகளில் இருப்பவர்களுக்கு உங்கள் விரிப்பால் எந்தப் பயனும் இல்லை. இரவுச் சவாரியின் ஊளை அவர்களுக்கு முழுதாகவே கேட்கிறது. தன் காதை மட்டும் காத்துக்கொண்டு சத்தத்தைக் குறைத்துவிட்டேன் என்பது என் பார்வையில் பொய்.

உண்மையில் குறைக்க விரும்புபவர் சத்தம் பிறக்கும் இடத்துக்குப் போகவேண்டும். வண்டியை நிறுத்தி, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, கிளச்சை மிதியுங்கள். மினியில் அந்த மூன்று சக்கரங்களும் கிளச்சுக்குப் பின்னால் இருப்பதால், கடகடப்பு நின்றால் சந்தேகம் அவற்றின் மேல் விழும். நடுச்சக்கரத்தின் பக்க அசைவு 0.10 முதல் 0.18 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். அதைச் சரிசெய்வது இரு பக்கத்து வொஷர்களின் தடிப்பு. ஒயில் மாற்றும்போது அதை வடிய விடும் துளையின் காந்த நட்டைத் துடைத்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை வழக்கமானது. விரலில் குத்தும் சிராய் வந்தால் பெட்டியைத் திறக்கவேண்டும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஒன்றும் வேறிடத்தில் ஒன்றுமாகப் பொறுக்கிய சக்கரங்களைச் சேர்க்காமல், ஒன்றாகத் தேய்த்து முடித்த சோடியைப் பூட்டினாலே ஊளை ஓரளவு அடங்கும்.

பந்தயத்துக்கு ஓடாத மினிக்கு சாய்பல்லே போதும். நேர்ப்பல்தான் வேண்டுமென்றால் பெயரிங், வொஷர், பல் ஆகியவற்றைச் சரிபார்த்து, மிஞ்சும் சத்தத்தோடு ஓட்டுங்கள். விரிப்பு அதற்குப் பிறகு வரட்டும். சத்தம் குறைத்த மினி என்று விற்பவரிடம், விரிப்பைக் கழற்றிவிட்டு ஒருமுறை இறம்பொடை ஏறி இறங்கிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.