தேத்தண்ணியோடு விழுங்கிய இரும்பு

காலைத் தேத்தண்ணி நேரத்துக்குச் சித்தி மலையிலேயே கூடையை இறக்கி வைப்பார். போத்தலில் சாயம், ஒரு கோதுமை மா ரொட்டி, கொஞ்சம் சம்பல். முந்தானை முடிச்சிலிருந்து கடதாசிச் சுருளை எடுத்து, அதிலிருக்கும் இரும்புக் குளிசையைச் சாயத்தோடு விழுங்குவார். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் மூன்றாவது பிள்ளையைச் சுமந்திருந்த காலம். ரத்தம் பத்தாது, ஒருநாளும் விடாமல் போடவேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அவரும் விடவில்லை. அடுத்த பரிசோதனையிலும் ரத்தம் ஏறவில்லை. "குளிசையைத் தேயிலைக்குள் வீசிவிட்டாயா?" என்று கேட்டார்களாம். மயக்கத்தைவிட அந்தக் கேள்விதான் அவரை அதிகம் வருத்தியது.

குற்றம் அந்தப் போத்தலுக்குள் இருந்தது. தேயிலைக்குத் துவர்ப்பைக் கொடுக்கும் பொருள்கள் குடலில் இரும்போடு ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இரும்பு உடம்பில் சேராமல் போய்விடுகிறது. டிஸ்லரும் அவரோடு சேர்ந்தவர்களும் தென்னாப்பிரிக்காவில் ஆராய்ந்து 1975இலேயே இதை எழுதிவிட்டார்கள். தானியத்திலுள்ள பைட்டேட் என்ற பொருளும் இதே வேலையைச் செய்யும். சித்தியின் காலைச் சாப்பாட்டில் இரண்டும் இருந்தன.

ஆனாலும் குளிசையைக் குறை சொல்லுமுன் அது செய்த நன்மையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதற்கான வலுவான சான்றுகளில் ஒன்று இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்தே கிடைத்தது. எட்ஜெர்டன், கார்ட்னர், செனவிரத்ன முதலியோர் தோட்டத் தொழிலாளரிடையே நடத்திய ஆய்வு 1979இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. இரும்பு கொடுத்து ஹீமோகுளோபின் கூடியபோது பறித்த கொழுந்தின் அளவும் கூடியது. டெசிலிட்டருக்கு 6 முதல் 9 கிராம் வரை இருந்தவர்களிடம், அதாவது மிகவும் சோர்ந்தவர்களிடம், முன்னேற்றம் அதிகம். சில வாரங்களிலேயே அவர்களின் அன்றாட நடமாட்டமும் கூடியது. 1973-74 காலத்துப் பட்டினிச் சாவுகளின் நினைவு ஆறாத மலையகத்துக்கு இது சின்ன விஷயமல்ல. ஒரு மலிவான குளிசை ஒரு பெண்ணை மறுபடி நிமிர்ந்து நடக்கவைத்தது.

அதே ஆய்வில் எனக்கு உறுத்துவதும் ஒன்று உண்டு. அவளுடைய ரத்தத்தின் பயன் கொழுந்துத் தராசில் அளக்கப்பட்டது. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போடும் தோட்டத்தில் கிலோ கூடுவது அவளுக்கும் நன்மைதான். என்றாலும் அந்தப் புள்ளிவிவரம் முதலில் யாருடைய காதுக்கு இனிக்கும் என்பதை மறந்துவிட்டு அதைப் படிக்க என்னால் முடியவில்லை.

இப்போது இரும்பைப் பற்றி இன்னொரு செய்தியும் பரவுகிறது: இரும்பு உயிரணுவைக் கொல்லும் என்று. 2012இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் டிக்சன், பிரென்ட் ஸ்டாக்வெல் குழுவினர் இதற்கு ஃபெரோப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். புற்றுநோய் அணுக்களை அழிக்கும் வேதிப்பொருள்களைத் தேடிய வழியில் கண்டது இது. பழைய எண்ணெய்ப் போத்தலில் சிக்கு வாடை எழுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அணுவின் சவ்விலும் கொழுப்பு இருக்கிறது. கட்டுப்பாடில்லாமல் அலையும் இரும்பு அந்தக் கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதைத் தூண்டுகிறது. ஜிபிஎக்ஸ்4 என்ற நொதி குளூட்டாதயோனைக் கொண்டு கெட்டதை அவ்வப்போது சரிசெய்துகொண்டே இருக்கும். அந்தக் காவல் விழுந்தால் சவ்வு சிதைந்து அணு இறந்துபோகும். பக்கவாதத்திலும், சிறுநீரகம் திடீரெனச் செயலிழப்பதிலும் இதன் பங்கு இருப்பதை விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன.

சோதனைச்சாலையிலிருந்து நோயாளியின் கட்டிலுக்கு உள்ள தூரம் மட்டும் குறையவில்லை. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் இரும்பு கூடுதலாகப் படிகிறது. அப்படியானால் அதை வெளியேற்றினால் நல்லதுதானே என்று டெஃபெரிப்ரோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தபோது மருந்து எடுத்தவர்களின் நிலைதான் மோசமாகியிருந்தது. அந்த மூளைக்கும் இரும்பு வேண்டியிருந்திருக்கலாம். "இரும்பு ஆபத்து" என்ற அரைச் செய்தியைக் கேட்டுக் கர்ப்பிணி ஒருத்தி குளிசையை நிறுத்திவிட்டால், அதே தவறு லயக் காம்பராவிலும் நடக்கும். அவள் குடலிலிருந்து ஏறும் கொஞ்ச இரும்பு ரத்தத்தில் தனியாக அலைவதில்லை. புரதமொன்று அதைச் சுமந்துபோய் எலும்பு மச்சையில் சேர்க்கிறது.

இரும்பு உண்மையில் குவிவது வேறு உடம்புகளில். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயுள்ள பிள்ளைகளுக்கு ஏற்றும் ஒவ்வொரு பை ரத்தத்திலும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு இருக்கிறது. உடம்பு ஒரு நாளில் இழப்பதோ ஒன்றிரண்டு மில்லிகிராம். மிச்சம் ஈரலிலும் இதயத்திலும் தேங்குகிறது. அகற்றும் மருந்து இல்லாவிட்டால் இதயம் தளர்ந்துவிடும். குருநாகலில் இதற்கென்றே சிகிச்சை நிலையம் இருக்குமளவுக்கு இலங்கைக்குத் தெரிந்த நோய் இது. இந்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்களின் சிவப்பணுக்களும் இரும்புக் குறைவில் காண்பதுபோலவே சிறுத்திருக்கும். சோகையென்றால் இரும்பு என்று பாராமல் கொடுப்பதன் பிழை இங்கேதான் தெரிகிறது. குளிசை போட்டும் ரத்தம் ஏறாதவளைக் கண்டிப்பதற்கு முன், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் ஹீமோகுளோபின் வகையையும் பார்க்கவேண்டும். கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். ராக்பெல்லர் அறக்கட்டளை 1916இலேயே இலங்கைத் தோட்டங்களில் அந்தப் புழுவைத் துரத்தத் தொடங்கியது. கக்கூஸ் சரியில்லாத லயத்தில் வெறுங்காலோடு நடப்பவளுக்கு அது இன்னும் பழங்கதையாகவில்லை.

தினமும் என்ற கட்டளையையும் மறுபடி யோசிக்கலாம். ஒரு குளிசை போட்டதும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டி, மறுநாள் இரும்புக்குக் கதவைச் சாத்திவிடுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் ஒவ்வொரு குளிசையிலிருந்தும் உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்கிறது என்று 2017இல் சூரிச்சில் கண்டார்கள். குமட்டலால் குளிசையை ஒளித்துவைக்கும் பெண்களுக்கு இது ஆறுதல். ஆனால் அங்கே சோதிக்கப்பட்டவர்கள் இரும்பு குறைந்திருந்தாலும் சோகை இல்லாத இளம்பெண்கள். ஹீமோகுளோபின் ஏழு கிராமில் இருக்கப் பிரசவத்தை நெருங்கும் தோட்டத்துப் பெண்ணுக்கு அந்த முறையை அப்படியே எடுத்துவைக்க நான் துணியமாட்டேன்.

சித்திக்குக் கடைசியில் வழி சொன்னவர் ஒரு வயதான மருத்துவிச்சி. இரவுச் சோற்றுக்கு வெகுநேரம் கழித்து, தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு போடு, தேத்தண்ணியைக் காலைக்கு வை என்றார். தேசிக்காயிலுள்ள விட்டமின் சி இரும்பு சேர உதவும். அவ்வளவுதான், ஒன்றரை மாதத்தில் படியேறும்போது வந்த மூச்சிரைப்பு குறைந்தது.

அந்த மருத்துவிச்சி காம்பராவைச் சுற்றிப் பார்த்துவிட்டு இன்னொன்றும் கேட்டார்: "இதை எங்கே வைப்பாய்?" ஒரு குளிசையில் 60 மில்லிகிராம் இரும்பு. பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளை மிட்டாய் என்று பத்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து; தாங்கமுடியாத அளவு இரும்பு குடலையும் ஈரலையும் எரித்துவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, இரண்டு பிள்ளைகள், பூட்டு இல்லாத ஒரு தகரப் பெட்டி. சித்தி கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, சுருளைக் கூரைத் தகரத்துக்கும் மரத்துக்கும் இடையில் செருகிவைத்தார்.