கல் எடை கழித்து

சென்ற மாதம் ஒரு நண்பரின் கவிதைத் தொகுப்புக்கு முன்னுரை எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்ததும் படித்துப் பார்த்தேன். நண்பரின் இடம், வயது, சாதனை எல்லாம் இருந்தன. கவிதைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தக் கூச்சத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கடலூரில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா நான். நகைக் கடன் பிரிவு. மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் உரசி, தராசில் வைத்து, கல் எடையைக் கழித்து நிகர எடை போடுவார். எவ்வளவு மின்னினாலும் கல் அவருக்குக் கழிவுதான். விமர்சனமும் இதுதான் என்று பல வருஷம் நம்பியிருந்தேன். நம் வட்டத்தில் ‘அலங்காரம்’ வசைச்சொல்லாகிப் போனதில் எனக்கும் பங்குண்டு.

அலங்காரத்தைப் பற்றி மறுபடி யோசிக்க வைத்தது ஒரு வாள். தேவனாம்பட்டினத்தில் இடிபாடாக மிஞ்சியிருக்கும் புனித டேவிட் கோட்டைக்கு 1746-இல் சென்னையிலிருந்து தப்பி வந்தவர் ராபர்ட் கிளைவ். அவரும் குமாஸ்தாதான், கம்பெனியில் வருஷச் சம்பளம் 5 பவுண்டு. 1749-இல் கொள்ளிடக் கரையில், தேவிக்கோட்டைத் தாக்குதலில், மயிரிழையில் உயிர் தப்பினார். வாள் வந்தது அதற்கல்ல, 1751-இல் ஆற்காட்டு முற்றுகையை 50 நாள் தாங்கியதற்கு. 500 பவுண்டு விலையில் வைரம் பதித்த வாள் தருவதாகக் கம்பெனி டைரக்டர்கள் தீர்மானித்தார்கள். நூறு வருஷச் சம்பளம்! தன் மேலதிகாரி ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸுக்கும் தந்தால்தான் வாங்குவேன் என்றார் கிளைவ். மெக்காலே இதை நற்பண்பாகக் காட்டுகிறார். பி.ஏ. படித்த நாட்களில் நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். லாரன்ஸுக்குக் கிடைத்த வாள் 750 பவுண்டு. அவரும் போரிட்டவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 250 பவுண்டு வித்தியாசம் வீரத்தை அளந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மூத்தவருக்கு மூத்த விலை.

பின்னாளில் இது ஒளிவுமறைவில்லாமலே நடந்தது. 1803-இல் லண்டன் லாயிட்ஸ் வணிகர்கள் தொடங்கிய தேசபக்த நிதி, கௌரவ வாள்களை 100, 50, 30 பவுண்டு என்று தரம் பிரித்தது. கப்பல் தலைவருக்கு ஒன்று, லெப்டினன்டுக்கு ஒன்று, மிட்ஷிப்மனுக்கு ஒன்று. நீலமேற்றிய அலகில் பொன் வேலைப்பாடு, தந்தப் பிடி. உயர்ந்த தரத்து வாளின் உறையில் ஹெர்குலிஸின் சாகசங்கள். அலகில் பெற்றவர் பெயர். ஒரே சண்டையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்களுக்கும் அலங்காரம் பதவிப்படி.

புறநானூற்று 95-ஆம் பாட்டில் ஔவை தொண்டைமானின் ஆயுதச்சாலையைப் புகழ்வதுபோல் இகழ்ந்துவிடுகிறாள். அலங்கரித்து வைத்த ஆயுதம் வேலை செய்யாதது. வேலை செய்தது கொல்லன் பட்டறையில் கிடக்கும். இதிலிருந்து அலங்காரமே குற்றம் என்று முடிவுகட்டிக்கொண்டேன். அது தவறு என்று தெரிந்தது சிதம்பரத்தில்.

வந்தவாசியில் 1760-இல் வென்ற அயர் கூட்டுக்கும் கம்பெனி வைரப்பிடி வாள் தந்தது, 700 பவுண்டு. அதே கூட் 1781 ஜூனில், ஹைதர் அலியின் ஆட்கள் காத்து நின்ற சிதம்பரம் கோயில் மதிலைத் தாக்கி, தோற்றுத் திரும்பினார். ஜூலை 1-இல் பரங்கிப்பேட்டையில் வென்றார் என்பது வேறு கதை. அந்த மதிலைப் பார்க்கத்தான் போனேன். பார்த்துக்கொண்டு நின்றது கிழக்குக் கோபுர வாசலின் கரணச் சிற்பங்களை. 108 கரணங்கள். கூடவே நாட்டிய சாஸ்திர சுலோகங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வாளின் எழுத்து யாருக்குக் கொடுத்தார்கள் என்கிறது. இந்த எழுத்து, கால் எப்படித் திரும்பவேண்டும், கை எங்கே நிற்கவேண்டும் என்கிறது. இதுவும் அலங்காரம்தான். ஆனால் இதில் கல் எடை கழித்தால் நிகர எடை என்று ஒன்று மிஞ்சாது. கல்லேதான் பொருள்.

ஆகவே அலங்காரம் உண்டா இல்லையா என்பதல்ல கேள்வி. காரியம் நடக்கும்போதே அதனோடு பிறந்ததா, எல்லாம் முடிந்த பின் அங்கே இல்லாத ஒருவர் தகுதி பார்த்துப் பதித்ததா?

இந்தக் கேள்வியைக் கவிஞர்களிடம் கேட்பதற்கு முன் என்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சென்ற வருஷம் ஓர் இளைஞரின் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையை எடுத்து, இதனோடு வைத்துப் பார்த்தேன். அது 30 பவுண்டு வாள், இது 100. நண்பர் என்னைவிடப் பத்து வருஷம் மூத்தவர். வேறு காரணம் எனக்கு அகப்படவில்லை. சிறப்பிதழ், பாராட்டுக் கூட்டம், பின்னட்டை வாசகம் என்று நாம் எல்லோருமே டைரக்டர்களாகி வாள் வழங்கிக்கொண்டிருக்கிறோம். சிறுபத்திரிகை இதற்காகவா தோன்றியது?

நண்பரின் தொகுப்பில் எதையும் கழிக்க முடியாத கவிதைகள் ஐந்து உண்டு. மற்றவை கல். எந்த ஐந்து, ஏன் என்று அடுத்த இதழில் எழுதுகிறேன். அவர் கோபித்துக்கொள்ளலாம். முன்னுரையைவிட அது அவருக்குச் செய்யும் மரியாதை என்றே நினைக்கிறேன்.